பரண் மூடியின் நாலாவது சட்டம்

உலகத்தில் பேய் என்று ஒன்று கிடையாது, சரியாக அடிக்கப்படாத ஆணிகள் மட்டுமே உண்டு. இது லியாண்டர் பைக்கின் கண்டுபிடிப்பு. மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து இருட்டில் எது முனகியதோ, எது உரசியதோ, எது மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்ததோ, எல்லாவற்றுக்கும் காரணம் எவனோ ஒரு தச்சன் ஓர் ஆணியை மிச்சம் பிடித்ததுதான். இதை அவன் தன் கல்யாண விருந்தில் எழுந்து நின்று சொன்னான். மாமனார் அசரையாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் சொன்னான். அங்கே கூடுதலாக, மூடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுலகூட ஒண்ணு குறையுது" என்றான்.

அந்த அசரையாவின் வீட்டுக்குத்தான் அவர்கள் இப்போது குடிவந்திருந்தார்கள். கடலைப் பார்த்த மரவீடு. மாடியில் குறுகிய நடை, நடையின் சீலிங்கில் பரணுக்குப் போகிற சதுர மூடி, மூடியைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் அடித்த நாலு மரச்சட்டங்கள். மூன்று கெட்டியாக இருந்தன. மகள் ஐவியின் அறைப்பக்கம் இருந்த நாலாவது மட்டும் ஒரு ஓரமாகத் தொங்கியது. அதில் லியாண்டருக்குப் பிடிக்காத சங்கதி ஒன்று இருந்தது. சட்டம் பழசாகித் தளர்ந்தால் விரிசல் விடும், பெயிண்ட் செதிலாக உதிரும். இது அப்படி இல்லை. அதன் உள்விளிம்பு வழவழவென்று, மாடிப்படிக் கைப்பிடிபோலக் கறுத்துப் பளபளத்தது. யாரோ வருஷக்கணக்காக ஒரே இடத்தில் விரல் வைத்து இழுத்த மாதிரி.

காற்றடித்தால் அது சீலிங்கில் மோதியது. ஐவி அந்தச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. அது நின்ற பிறகு வருகிற சத்தத்தைப் பற்றித்தான் சொன்னாள். மேலே யாரோ மூச்சை உள்ளே இழுக்கிறார்கள், ஆனால் விடவே மாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

"இன்னிக்கும் அது டொக்கு டொக்குன்னா, நான் புள்ளைய தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் அவன் மனைவி மார்செலா, கோட்டை மாட்டிக்கொண்டே. மாதா கோவில் கூடத்தில் அன்று விருந்து. அவள் உருளைக்கிழங்கு உரிக்கப் போக வேண்டும். "நீயும் உன் ஆணியும் குடும்பம் நடத்துங்க."

"நீ திரும்பறதுக்குள்ள முடிச்சுடுவேன்டி."

"வந்த நாள்லருந்து இதேதான் சொல்ற. அவளுக்குக் காய்ச்சல் இப்பதான் விட்டுருக்கு. எழுப்பாம அடி."

"எழுப்பாம ஆணி அடிக்கிறதுன்னா எப்படி? பூவால அடிக்கவா?"

மார்செலா படியிறங்கிப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அடுப்பில் உப்பு மாட்டிறைச்சி வேகிற வாசம் மாடிவரை ஏறி வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி பொழிய ஆரம்பித்திருந்தது. நாலு மணிக்கே வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

அவன் ஏணி விரித்து ஏறி நின்ற நேரம் பக்கத்து வீட்டு ஹெட்லி படியேறி வந்தார். கதவைத் தட்டவில்லை. இந்தக் கடற்குடா ஊரில் யாரும் தட்டுவதில்லை. தட்டுவது அந்நியன் செய்கிற காரியம்: வேதம் விற்க வந்தவன், வழி தவறி வந்த நகரத்துக்காரன். தூர மாகாணமான ஆல்பர்ட்டாவில் வேலை பார்த்த காலத்தில், பெற்ற தாயின் வீட்டு வாசலில் தட்டிவிட்டுக் காத்திருந்த ஒருவனை லியாண்டர் பார்த்திருக்கிறான். "சொந்த வீட்டுல உத்தரவு கேட்டு நிக்கிறான்யா" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். தெரிந்தவர்களே தட்டுவது கிறிஸ்துமஸை ஒட்டிய பன்னிரண்டு நாட்களில் மட்டும்தான். அப்போது வேஷக்காரர்கள் வருவார்கள். கிழிந்த கோட்டு, முகத்தில் ஜன்னல் லேஸ் திரை. குரல் பிடிபடாமல் இருக்க மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே "வரலாமா?" என்று கேட்பார்கள். வரச்சொன்னால் வந்து உட்காருவார்கள். யாரென்று சரியாகச் சொல்லிவிட்டால் திரையைத் தூக்கியாக வேண்டும். அதுதான் விளையாட்டு. அந்த நாட்கள் இன்னும் முடிந்திருக்கவில்லை.

ஹெட்லி மூடியை அண்ணாந்து பார்த்தார். "அந்த இடுக்கை அடைக்கப் போறியா, மகனே?"

"அடைக்காம? பூ வெக்கவா?"

"உன் மாமனார் பொழுது சாயறப்ப அதுல ஒரு துண்டு ரொட்டி சொருகுவான். ரொட்டி வந்துட்டிருந்தா அது அங்கயே இருக்கும்பான்."

"எது?"

"கேட்டதில்ல. கேட்டா அவன் அதோட பேரைச் சொல்லிடுவான். பேரைச் சொன்னா அது முகத்தைக் காட்டியாகணும்." ஹெட்லி பையிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்து ஏணிப் படியில் வைத்தார். காட்டுக்குள் பழம் பறிக்கப் போனாலும் பையில் ரொட்டி இல்லாமல் போகாத மனுஷன். "அவன் செத்து மாசம் ரெண்டாச்சு. பாவம், பசியா இருக்கும். முதல்ல இதைப் போடு, அப்புறம் உன் இஷ்டம்."

லியாண்டர் ரொட்டியை எடுத்தான். ஹெட்லியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பாதியைக் கடித்து, நிதானமாக மென்று, விழுங்கினான்.

"உப்பு கம்மி" என்றான். "மாமனார் எலி வளர்த்துருக்காரு. நல்ல கொழுத்த எலி. அதுக்கு நீங்க தோத்திரம் பாடுங்க."

ஹெட்லி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவன் வாய் அசைவதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். மிச்சப் பாதியை லியாண்டர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சட்டத்தை முழுக்கக் கழற்றினான். பின்னால் ஓர் இடுக்கு, சரியாக ஒரு ரொட்டித் துண்டின் அகலம். விளக்கைப் பிடித்துப் பார்த்தான். குளிருக்காகப் பரணில் பரப்பிய இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சு எல்லா இடத்திலும் உப்பலாக இருந்தது. இடுக்கின் ஓரத்தில் மட்டும், ஓர் ஆள் குப்புறப் படுத்த அளவுக்கு, அமுங்கிக் கிடந்தது. எலிப்புழுக்கை இல்லை. இத்தனை வருஷ ரொட்டிக்கு ஒரு துணுக்கு இல்லை. எச்சில் காய்ந்த மரத்தின் வாடை மட்டும் வந்தது.

அவன் விளக்கை அணைத்தான். சுற்றிலும் பசையைப் பிதுக்கினான், சட்டத்தைப் பொருத்தினான், ஆணிகளை நெருக்கமாக, வேண்டியதைவிட அதிகமாகவே அடித்தான். ஐவி விழிக்கவில்லை. வழிந்த பசையை விரலால் வழித்துக் கன்னத்தில் துடைத்துக்கொண்டான். அருமையான வேலை. இனி ஒரு தாள்கூட நுழையாது.

அப்போது யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. மரியாதையாக. பிறகு மூச்சை உள்ளே இழுத்தபடி ஒரு குரல், "வரலாமா?"

லியாண்டருக்குச் சிரிப்பு வந்தது. ஹெட்லிதான், ஆள் சேர்த்துக்கொண்டு பயமுறுத்த வந்திருக்கிறார். இந்தக் குடாவில் பிறந்த எவனும் சொல்கிற பதிலை அவன் யோசிக்காமல் சொன்னான்.

"வாங்க வாங்க. உள்ள வாங்க."

சுத்தியலோடு கீழே இறங்கி, வாசல் கதவைத் திறந்தான். பனி. விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில் படிக்கட்டு வெள்ளையாக, மடிப்புக் கலையாத போர்வைபோலக் கிடந்தது. ஹெட்லி போன தடம் பாதி மூடியிருந்தது. வந்த தடம் எதுவும் இல்லை. தூரத்தில் கப்பல்களை எச்சரிக்கும் மூடுபனிச் சங்கு ஒருமுறை ஊதி ஓய்ந்தது. கதவைச் சாத்தும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தச் சத்தம் கீழிருந்து வரவில்லை.

படியேறினான். நாலாவது சட்டம் அடித்தபடியே இருந்தது. ஓர் ஆணிகூட அசையவில்லை.

மூடி விலகியிருந்தது.

இடுக்கு இல்லையென்றால் வேறு வழி எது இருக்கிறதோ, அதுவாகத்தானே வர வேண்டும். கறுப்புச் சதுரம். அதிலிருந்து இறங்கும் குளிர். தரையில் இளஞ்சிவப்புப் பஞ்சு இழைகள், ஐவியின் அறைவரை.

உள்ளே ஐவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே, கட்டில் விளிம்பில், அசரையாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. முகத்தில் லேஸ் திரை. மூச்சிழுப்பில் திரை உள்பக்கமாக மட்டும் ஒட்டியது. இழுத்தது. இழுத்தது. ஒருமுறைகூட வெளியே உப்பவில்லை.

"ஹெட்லி தாத்தாவா?"

திரை இல்லை என்று ஆடியது.

"பெரியம்மாவா?"

இல்லை.

லியாண்டர் உள்ளே பாய நினைத்தான். கால் வாசற்படியில் நின்றது. படிக்கு அந்தப் பக்கம் பாதம் போக மறுத்தது. சட்டைப்பையிலிருந்து பாதி ரொட்டியை எடுத்து நீட்டினான். லேஸ் முகம் ரொட்டியைப் பார்த்தது. அதில் பதிந்திருந்த பல் அடையாளத்தைப் பார்த்தது. பிறகு ஐவியின் பக்கம் திரும்பிக்கொண்டது.

"ஐவி, சொல்லாத" என்று கத்தினான். கத்தல் வெளியே போகவில்லை. குரல் மூச்சோடு உள்ளே போயிற்று.

ஐவி தலையைச் சாய்த்து யோசித்தாள். கண் மின்னியது. "தெரிஞ்சுபோச்சு. அப்பாதானே?"

அது ஆமென்று தலையசைத்தது. விதிப்படி, இரண்டு விரலால் திரையைத் தூக்கியது.

அவன் முகம். அவன் தாடி. கன்னத்தில் அவன் துடைத்த பசை.

கீழே கதவு திறந்தது. தட்டாமல். பனியை உதறும் காலடி. "லியாண்டர், அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சுடி" என்றது அது, அவன் குரலில். "இனி ஒரு சத்தம் வராது."

அது ஐவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்தது. லியாண்டர் அதைப் பார்த்தான், மேலிருந்து. எப்போது மேலே வந்தான் என்று தெரியவில்லை. வயிற்றுக்கடியில் பஞ்சு அமுங்கியிருந்தது, அவன் அளவுக்கே. ஐவி அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, மேல யாரோ மூச்சு இழுக்கிறாங்க."

"காத்து, கண்ணு." அது ஏணியில் ஏறி மூடியைச் சரியாகப் பொருத்தியது.

இருட்டு. மரத்தின் வாடை. கையில் பாதி ரொட்டி. விரலால் தடவித் தடவி இடுக்கைத் தேடினான். பசை இன்னும் ஈரமாக இருந்தது. எங்கேயும் துளி இடைவெளி விடாமல், நெருக்கமாக, அருமையாக அடைத்திருந்தது.

அவன் தட்டினான்.

"யாருங்க தட்டறது?" மார்செலாவின் குரல், அவனுக்கு நேர் கீழே.

"யாருமில்லடி. ஆணி ஒண்ணு குறையுதுபோல. காலைல அடிச்சுடறேன்" என்றது அது.

விளக்கை அணைக்கும் சத்தம். லியாண்டர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்னைவிட மெதுவாக, முன்னைவிட மரியாதையாக, மறுபடி தட்டினான்.