ஷர்மினி சொல்லாத பின்கதவு

ஞாயிற்றுக்கிழமை காலை. ஈப்போவில் முத்து முகம்மதுவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார இடமில்லை. மூலை மேசையில் இருந்த ஷர்மினி மட்டும் தன் தேநீரைத் தொடாமலே ஆறவிட்டிருந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள போலீஸ்ல பேர் கொடுக்கணும் அங்கிள். வீட்டுல நகை போனதுக்கு யார் மேல சந்தேகம்னு கேக்கிறாங்க. எங்க வீட்டுக் கருப்பம்மாள் அக்கா பேரை எழுதறதா வேண்டாமான்னு தெரியாமத்தான் உங்ககிட்ட வந்தேன்."

முத்து முகம்மது கடைக்கு வருவதற்கு முன், முப்பது வருடம் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் திருட்டுப் புகார்களை விசாரித்தவர். அவசரப்படவே தெரியாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவசரப்படுவதற்கென்றே பக்கத்தில் லாரி ஓட்டும் சீனி இருந்தார்.

"வீட்டையே ரோப் பண்ணிட்டானுங்களா?" என்றார் சீனி.

"வீட்டை ரோப் பண்ண முடியாது அண்ணே." இவ்வளவு கவலையிலும் ஷர்மினிக்குள் இருந்த ஆங்கில ஆசிரியை விழித்துக்கொண்டாள். "ஸ்டீல் பண்றது பொருளை. ரோப் பண்றது ஆளை, மிரட்டியோ அடிச்சோ. வீட்டுக்குள்ள அத்துமீறிப் பூந்து எடுத்தா பர்க்லரி."

"யம்மாடி! திருடறவன் இதையெல்லாம் படிச்சிட்டா வரான்? நம்ம பக்கம் எது போனாலும் ரோப்தான் லா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. தனேஷ் மட்டும்தான் சரியாச் சொன்னார்."

அந்தப் பெயரைச் சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. சுங்கை சிப்புட்டில் அவள் நடத்தும் மாலை வகுப்புக்குக் கமுந்திங் தொழிற்சாலையிலிருந்து படிக்க வந்தவன் தனேஸ்வரன். இந்தச் சொற்களை அவள் கரும்பலகையில் எழுதிய அன்று, "அப்ப ரோப் பண்றவன் நம்ம முகத்தைப் பாக்கிறான், பர்க்லர் நாம இல்லாத நேரம் பாக்கிறான், அதானே டீச்சர்?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவன். தை மாதம் இருவருக்கும் கல்யாணம்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அவள் சொன்னாள். பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்ற சாமி அறைக்குப் போனாள். அம்மன் படத்துக்குப் பின்னால், மைலோ டின்னுக்குள், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த அம்மாவின் அட்டிகை இல்லை.

"அங்கேயே நின்னு தனேஷுக்குப் போன் பண்ணேன். அட்டிகை காணோம்னு அழுதேன். 'பர்க்லரின்னு ரிப்போர்ட் பண்ணு, பயப்படாதே'ன்னார். அப்புறம் சமையலறைப் பக்கம் போனா, பின்கதவுப் பூட்டு அறுந்து கிடக்குது."

"கருப்பம்மாள் எப்படி இதுல வந்தாங்க?"

"அக்கா பன்னிரண்டு வருஷமா வீட்டு வேலை செய்றாங்க. அம்மா படுக்கையில கிடந்தப்ப பாத்துக்கிட்டதும் அவங்கதான். டின் இருக்கிற இடம் அவங்களுக்குத் தெரியும், முன்கதவுச் சாவியும் இருக்கு. வெளியாள்னு காட்ட அவங்களே பூட்டை அறுத்திருக்கலாம்னு தனேஷ் சொன்னார். நான்..." அவள் தலை குனிந்தாள். "நேத்து அக்காகிட்ட நேராவே கேட்டுட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"துடைச்சிக்கிட்டிருந்த துணியை அப்படியே வச்சிட்டுப் போய்ட்டாங்க."

முத்து முகம்மது எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "வாம்மா, வீட்டைப் பாக்கலாம். உன் மாப்பிள்ளையையும் வரச் சொல்லு."

பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது ஷர்மினியின் வீடு. பின்பாதை முழுக்கச் செம்மண். பின்வாசல் சிமெண்டுப் படியில் இரண்டு மண் தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்து கிடந்தன. வரிவரியான, கனத்த பூட்ஸ் தடம்.

"வெள்ளிக்கிழமை மழையா?"

"மத்தியானம் கொட்டுச்சு அங்கிள்."

"சமையலறையைக் கூட்டினியா?"

"எதையும் தொடக் கூடாதுன்னு போலீஸ் சொன்னாங்க. அப்பவே சுத்தமாத்தான் இருந்துச்சு."

கூடவே வந்திருந்த சீனி உற்சாகமாகக் கைப்பேசியை எடுத்துத் தடங்களைப் படம் பிடித்தார். "பாருங்கண்ணே, பூட்டை அறுக்கிறவன் பூட்ஸைக் கழட்டி வச்சிட்டு உள்ள போயிருக்கான். மரியாதை தெரிஞ்ச திருடன் லா!"

முத்து முகம்மது சிரிக்கவில்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஓவர்டைம் முடித்து நேராக வந்திருந்தான் தனேஸ்வரன். முன்படியில் உட்கார்ந்து, கனத்த பூட்ஸின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். அவன் உள்ளே போனதும் சீனி அந்தப் படியருகில் குனிந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை ஷர்மினி போன்ல என்ன சொன்னா?" என்று கேட்டார் முத்து முகம்மது.

"அட்டிகை காணோம்னு."

"நீங்க?"

"பர்க்லரின்னு ரிப்போர்ட் பண்ணச் சொன்னேன். பூட்டை அறுத்திருந்தா பர்க்லரிதானே சார்? டீச்சர் சொல்லிக் கொடுத்தது." அவன் ஷர்மினியைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. சாமி அறையும் ஏற்றாத விளக்கும் அவள் கண்முன் வந்தன. அவள் காதில் போன் இருந்தபோது சமையலறை விளக்கைக்கூடப் போட்டிருக்கவில்லை.

"நான் போன்ல பூட்டைப் பத்திச் சொல்லவே இல்லையே தனேஷ்," என்றாள் மெதுவாக. "அப்ப எனக்கே தெரியாதே."

"ஒரு... ஊகம்தான்."

"ஊகமா இருக்கலாம்," என்றார் முத்து முகம்மது. "அது மட்டும்னா நான் விட்டிருப்பேன். ஆனா நான் பாத்த பர்க்லர் ஒருத்தனும் வாசல்ல உக்காந்து கயிறு அவிழ்த்ததில்ல. மண்ணோடயே உள்ள போய் மண்ணோடயே ஓடுவான். இவன் சாமி அறைக்குப் போறோம்னு தெரிஞ்சு வந்தவன். பூட்டை அறுக்க மனசு வந்துச்சு, பூட்ஸோட சாமி அறைக்குள்ள போக மட்டும் கால் வரல. கருப்பம்மாள் எதைப் போட்டு நடக்கிறாங்கம்மா?"

"சிலிப்பர்," என்றாள் ஷர்மினி.

சீனி தனேஸ்வரனின் பூட்ஸைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் கைப்பேசிப் படம். வலது பூட்ஸின் குதிகாலில் ஒரு வரி பிய்ந்திருந்தது. படத்திலும் அதே இடத்தில் அதே வரி இல்லை.

ஷர்மினி பூட்ஸையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மீட்டுக் கொடுத்திருப்பேன் ஷர்மி," என்றான் தனேஸ்வரன். "அடகுதான் வச்சேன். மாப்பிள்ளை மோட்டார்லதான் வருவாரான்னு உங்க சொந்தக்காரங்களே கேக்கிறாங்க. ஒரு காடி, சின்னக் கார்தான், எடுக்கலாம்னு... நமக்காகத்தான். திருடணும்னு நினைக்கல."

"அட்டிகையை என்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்." அவள் கண்ணில் நீர் இல்லை. "நீ அக்கா பேரைச் சொன்னியே, அது எதுக்காக? அதுவும் நமக்காகவா?"

அவன் சீனியிடமிருந்து பூட்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினான்.

போலீஸ் நிலையத்திலிருந்து ஷர்மினி நேராகக் கருப்பம்மாள் வீட்டுக்குப் போனாள். பொழுது இன்னும் சாயவில்லை. கருப்பம்மாள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அக்கா, எடுத்தது தனேஷ். நான் தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

கருப்பம்மாளின் கை ஒரு கணம் நின்றது. "அந்தப் புள்ளையா?" என்றாள். பிறகு, "போலீஸ்ல அவன் பேரை எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா."

"எழுதுறப்ப கை நடுங்குச்சா?"

"நடுங்குச்சு."

கருப்பம்மாள் சட்டியில் இருந்த தண்ணீரை மண்ணில் ஊற்றினாள். முதன்முறையாக நிமிர்ந்து ஷர்மினியைப் பார்த்தாள்.

"என் பேரை எழுதியிருந்தா நடுங்கியிருக்குமா?"

ஷர்மினி ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கருப்பம்மாள் வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.