கூரை வெட்டிய வண்டி

காலையில் பெய்த மழையில் முற்றம் முழுக்கச் சொதசொதவென்று கிடந்தது. செடித்தொட்டிகள் நிரம்பி வழிந்தன, காரின் பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது; ஆனால் கூரையே இல்லாத அந்தப் பழைய காரின் சீட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதை வாங்க வந்த டிங்கர் கதவைத் திறந்து தோல் சீட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. பல நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்தப் புழுங்கிய வாடை மட்டும் குப்பென்று முகத்தில் அடித்தது.

துடைத்து வைத்ததாக வண்டிக்காரர் சொன்னார். வீட்டுப் படியைவிட்டு அவர் இறங்கவே இல்லை. எந்தத் துணியால் துடைத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தான், கேட்கவில்லை. வேண்டிய பொருளை வாங்க வந்தவன் வேண்டாத கேள்வி கேட்பானா?

வேண்டும்தான் அவனுக்கு. அவனுக்கு என்பதைவிட, கேட் ஓரமாகத் துப்பட்டாவைத் திருகிக்கொண்டு நின்றாளே, அவன் மனைவிக்கு. ஆபீஸ் லிஃப்டில் ஒரு ராத்திரி முழுக்கத் தனியாக மாட்டிக்கொண்டவள் அவள். அன்றிலிருந்து மூடிய எதிலும் ஏறுவதில்லை. பஸ், ரயில், கார் எதுவும் ஆகாது. பைக்கில் தூரம் போக இடுப்பு ஒத்துழைக்காது. அவள் அம்மாவோ தொலைதூரத்தில் படுத்த படுக்கையாகி, மகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். கூரை எடுத்த வண்டி விற்பனைக்கு இருக்கிறது என்று தெரிந்ததும், பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று துள்ளினான் டிங்கர்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆள் இல்லை அவன். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தியே வயிறு வளர்த்தவன். காந்தத்தை எடுத்துக் கதவு, மட்கார்டு எல்லாம் ஒட்டவைத்துப் பார்த்தான். பட்டி பூசி மறைத்த இடம் ஒன்றுகூட இல்லை. முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையை அறுத்த தழும்பு இருந்தது. அதுதான் அசிங்கம். அளந்து, கோடு போட்டு அறுத்த வெட்டு அல்ல. கைக்குக் கிடைத்த மெஷினை வைத்து, பதறிப் பதறி, இங்கே விட்டு அங்கே பிடித்து அறுத்தது.

“எந்த ஒர்க்‌ஷாப் சார் இது?”

“நானேதான் அறுத்தேன்.”

இந்த லட்சணத்தில் தெரிகிறதே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி, காரின் அடியில் படுத்தான். இங்கேதான் அவனுக்குக் குழப்பம் வந்தது. கூரையை எடுத்த கார் முதுகெலும்பு எடுத்த உடம்பு; நடுவில் தொய்யும், தொய்ந்தால் கதவு மாட்டிக்கொள்ளும். அதனால் அடியில் கனமான இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் அடிப்பார்கள். இதில் சட்டமும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. ஆனாலும் வண்டி ஒரு மயிரிழைகூடத் தொய்யவில்லை. ஜாக்கியில் தொங்கும்போதே கதவு வெண்ணெயாக மூடித் திறந்தது.

கூரை இருந்தால்தான் இப்படி நிற்கும்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. ஈரத் தரையில் காரின் நிழல் விழுந்தது, முழுசாக, மேலே வளைந்த கூரையோடு. பக்கத்துச் சுவரின் நிழல் சேர்ந்து விழுகிறது என்று நினைத்தான். அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டான் பாவி.

வண்டியில் யார் உட்காரப் போவது என்று விசாரித்தார் வண்டிக்காரர். மனைவிதான் என்றான் இவன். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“குழந்தைங்கன்னா பிடிக்குமா அவங்களுக்கு?”

கேள்வி ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் கிடக்கும் என்று இவன் பெருமையாகச் சொன்னான். வண்டிக்காரரின் முகம் அப்படியே இளகிப்போனது.

காரை இறக்கிவிட்டான். கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. ஆள் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகு கதவு இடுக்கு கோணுகிறதா என்று வெளியிலிருந்து பார்க்க வேண்டும். வேறு எவனும் இதையெல்லாம் பார்க்க மாட்டான். வண்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவான். இவன் தொழில் தெரிந்தவனாயிற்றே. மனைவியைக் கூப்பிட்டான்.

அவள் கிட்டே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். “என்னங்க, உள்ள மூச்சு முட்டுற மாதிரி வாடை வருதே.”

“மேலே வானம் இருக்கும்மா. அண்ணாந்து பாத்துக்கிட்டே உக்காரு. நான் இங்கேயேதான் நிக்கிறேன்.”

அவனை நம்பித்தான் உட்கார்ந்தாள். அம்மாவிடம் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்ல வேண்டும், நாளைக்கே கிளம்பிவிடலாம் என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவன் கதவைச் சாத்தினான்.

பேச்சு பாதியில் அறுந்தது.

அவன் கவனிக்கவில்லை. குனிந்து, ஒரு நாணயத்தை இடுக்கில் விட்டு மேலிருந்து கீழே ஓட்டினான். எங்கேயும் இடிக்கவில்லை. எங்கோ தூரத்தில் யாரோ மெத்தையைப் போட்டு அடிப்பது போலத் தொம் தொம் என்று ஒரு சத்தம். பக்கத்து வீடாக இருக்கும். “கல்லு மாதிரி நிக்குது, இனி கவலையை விடு” என்று குனிந்தபடியே சிரித்துச் சொன்னான்.

மழை பிடித்தது.

தகரத்தில் விழும் மழை. படபடவென்று. தூக்கத்தில்கூட அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

நிமிர்ந்தான்.

அவள் தலைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், மழை தெறித்தது. வளைந்து வழிந்தது. அவள் கைகள் இரண்டும் மேலே. உள்ளங்கைகள் தட்டையாக, வெளுத்து, எதிலோ அழுந்தியிருந்தன. வாய் முழுதாகத் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

கைப்பிடியை இழுத்தான். அசையவில்லை. மேல்வழியாகக் கையை விட்டான். குளிர்ந்த தகடு. சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தான். டங். மறுபடி. டங். ஆயிரம் ஒடுக்கை நிமிர்த்தியவன் அடித்த அடிக்கு ஒரு ஒடுக்கு விழவில்லை.

“மெஷின் எங்கய்யா? அறுக்குற மெஷின் எங்க?”

வண்டிக்காரர் மழையில் இறங்கி வந்திருந்தார். பக்கத்தில் வந்து நின்றார். குரலில் பதற்றமே இல்லை.

“அறுத்துப் பாத்தாச்சு, தம்பி. கூரைதான் வந்துச்சு.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“எம் பொண்ணு தனியா ரொம்பப் பயப்படுவா, தம்பி.”

உள்ளே அவன் மனைவி அடிப்பதை நிறுத்தினாள். மெல்லத் திரும்பி, பின்னால் பார்த்தாள். பிறகு அவனிடம் பாய்ந்து, அவன் முகத்துக்கு நேரே கையை ஊன்றினாள். அவள் மூச்சு பட்டு, வெறும் காற்று கண்ணாடியாகப் பனித்தது.

அந்தப் பனிப்பில், அவள் கை பதிந்த இடத்தை ஒட்டி, சின்னதாக இன்னொரு கை பதிந்தது.