ஒற்றைப் பச்சைக் கோடு

தடயவியல் ஆய்வகத்தின் போன் அலறியது!

கெமிஸ்ட் மேடம் பாய்ந்து எடுத்தாள். மறுமுனையில் ஆஸ்பத்திரி டாக்டர்.

"மேடம், ஃபேக்டரி முதலாளிக்கு முடி கொத்துக் கொத்தா கையோட வருது. பாதம் எரியுதுன்னு கத்தறார். எந்த விஷம்... ஆர்சனிக்கா, தாலியமா? ரெண்டுக்கும் மருந்து வேற வேற. சீக்கிரம்... ஆள் தாங்க மாட்டார்!"

"லைன்லயே இருங்க!"

எதிரே இன்ஸ்பெக்டர், முதலாளி வீட்டு உப்பு ஜாடியோடு. பக்கத்தில் புகார் கொடுத்த முதலாளியின் தம்பி. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார்.

வாசலில் பெண் போலீஸின் பிடியில் முதலாளியின் மனைவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணிக்குப் பிரஷர் சார், உப்பே தொடமாட்டாங்க. அண்ணன்தான் அள்ளி அள்ளிப் போட்டுக்குவார். வேற யார் கலந்திருப்பா?" வாத்தியார் பல்லைக் கடித்தார்.

"என்னை என்ன வேணா பண்ணிக்குங்க தம்பி... அவர் பிழைச்சா போதும்..."

இன்ஸ்பெக்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜாடியை மேஜைமேல் வைத்தார்.

"எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?"

"சூடு பண்ணினா ஒவ்வொரு தனிமமும் தனக்குன்னு ஒரு நிறத்துல ஒளி விடும் சார். இந்த ஸ்பெக்ட்ராஸ்கோப் அதைக் கோடு கோடாப் பிரிச்சுக் காட்டிடும். கைரேகை மாதிரி. பொய் சொல்லாது."

பர்னர் சீறியது.

"கம்பி வளைஞ்சிருக்கே!" வாத்தியார் முந்திக்கொண்டு, உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டும் பிளாட்டினம் கம்பியை எடுத்து, விரலால் நீவி நிமிர்த்தினார்.

"தொடாதீங்க!"

தொட்டாகிவிட்டது. மேடம் முறைத்தபடி கம்பியைப் பிடுங்கிச் சுடரில் நீட்டினாள்.

குப்பென்று மஞ்சள்!

"அட, சாதா உப்புதானா?" இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கியது.

"பொறுங்க..."

ஸ்பெக்ட்ராஸ்கோப் குழாயில் கண்ணை வைத்த மேடம் விறைத்தாள். தடித்த மஞ்சளுக்குப் பக்கத்தில்... மெல்லிசாக, பளிச்சென்று ஒரே ஒரு பச்சைக் கோடு!

"தாலியம்!"

வாத்தியார் துள்ளினார். "பாத்தீங்களா சார்! உப்புல கலந்துட்டா பாவி! விலங்கை மாட்டுங்க!"

மேடம் மெதுவாகத் திரும்பினாள்.

"எந்த உப்புல?"

"இதோ... இந்த ஜாடியில..."

"ஜாடியோட சீலை நான் இன்னும் பிரிக்கவே இல்லையே!"

மேடம் கம்பியைத் தூக்கிக் காட்டினாள்.

"எதை எரிக்கறதுக்கு முன்னாலயும் வெறும் கம்பியை எரிச்சுப் பார்க்கணும். அது எங்க வழக்கம். மஞ்சள், உங்க விரல் வேர்வையில இருக்கற உப்பு. பச்சை... உங்க விரலுக்கு எப்படி வந்துச்சு?"

வாத்தியாரின் கை தன்னையறியாமல் சட்டைப்பையைப் பொத்தியது. இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பால் உள்ளே துழாவினார்.

ஒரு பொட்டலம். வெள்ளைத் தூள்!

"இதை அண்ணி பீரோவுல வெச்சுட்டு எங்களைத் தேடச் சொல்லியிருப்பே... இல்ல? அண்ணன் மேலே, அண்ணி உள்ளே, ஃபேக்டரி உனக்கு!"

அதற்குள் மேடம் ஜாடியின் சீலை உடைத்து, புதுக் கம்பியில் உப்பை எரித்துவிட்டாள். அதே பச்சை! போனைப் பாய்ந்து எடுத்தாள்.

"டாக்டர், தாலியமேதான்!"

"மருந்து கையிலயே இருக்கு மேடம்! பிழைக்க வெச்சுடலாம்!"

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பெண் போலீஸ் அவள் தோளைத் தொட்டாள்.

"சார்... பசங்களுக்குப் பரீட்சை நேரம்..." வாத்தியார் குழறினார்.

"கவலையே படாதே!" விலங்கை மாட்டினார் இன்ஸ்பெக்டர். "உள்ளே போய் கிளாஸ் எடு. ஒருத்தனும் கட் அடிக்க மாட்டான்!"