தட்டானுக்குப் பந்து எறிவது யார்?

பந்தை எறிந்தது மாடத்திதான். ஆனால் தட்டான் அதை வேறு யாரிடமோ கொண்டுபோனது.

ஆமத்தூருக்கு அப்பால், வெடித்துக் கிடந்த கரிசல் காட்டில் அவள் நின்றிருந்தாள். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. தட்டான் சிப்பிப்பாறை நாய்; ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாகத் தட்டான்பூச்சிபோலத் தரையில் படாமல் பறக்கும் என்பதால் அந்தப் பெயர். வழக்கமாகப் பந்தைக் கவ்விய வேகத்தில் திரும்பி வந்து அவள் முழங்காலில் மோதும். இன்று கவ்வியதும் தலையைத் தூக்கி, காதை விடைத்து, யாரோ கூப்பிட்டதுபோல வாலை ஆட்டிக்கொண்டு வேலிக்கருவைப் புதருக்குள் நுழைந்து மறைந்தது.

புதருக்கு அந்தப் பக்கம் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி. நாலு மாதமாகச் சீல் வைத்துக் கிடக்கிறது.

கால்மணி நேரம் கழித்து நாய் வந்தது. நெற்றியில் வெள்ளி நிறத்தில் ஒரு தீற்றல். கட்டைவிரல் அகலம். முந்தானையால் துடைத்து மோந்து பார்த்தாள். பட்டாசு மருந்து வாடை.

பயம் வரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவளுக்கு எதுவுமே வருவதில்லை. கொதிக்கிற உலை கையில் கொட்டினால், கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வலது காது செத்துப்போயிருந்தது. படுக்கும்போது தட்டான் வந்து அவள் பாதத்தில் தாடையை வைக்கும். அந்தச் சூடு மட்டும்தான் உடம்புக்குத் தெரியும், அதற்குப் பிறகுதான் தூக்கம். அதுவும் போனால் தனக்கு மிச்சம் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைக்கூட அடுத்த வீட்டுச் சேதிபோலத்தான் நினைத்துக்கொண்டாள்.

நாலு மாதத்துக்கு முன், அந்த நாளில், தட்டான் கம்பெனி வேனைத் துரத்திக்கொண்டே வந்துவிட்டது. நாய் உள்ளே வந்தால் ஃபோர்மேன் கத்துவார் என்று, மருந்து அடைக்கும் அறையிலிருந்து எழுந்து அதை விரட்டப் போனாள். ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். பேச்சியம்மாள், பாலம்மாள், பத்திரகாளி, அவள். கேட்டைத் தாண்டி நாயை நோக்கி ஒரு கல்லை ஓங்கினாள். பின்னால் அறை வெடித்து, முதுகில் சூடு அறைந்தது. மற்ற மூன்று பேரின் காரியமும் ஒரே நாளில் நடந்தது.

"எங்கன போயிட்டு வாரே? நீ நாயை மேய்க்கியா, நாய் உன்னைய மேய்க்குதா?" என்றான் புருஷன் முனியசாமி, இன்று அவள் வீடு திரும்பியதும்.

"வெளையாடிட்டு வருது."

மறுநாள் தட்டான் வர அரைமணி ஆனது. அதற்கடுத்த நாள் முக்கால் மணி. முதுகிலும் வெள்ளித் தீற்றல்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்.

ஆடு ஓட்டிவந்த வெள்ளைத்துரை அவளைப் பார்த்து நின்றார். "ஏ மாடத்தி, உன் நாய்க்குக் கொழுப்பைப் பாத்தியா! சீல் வச்ச கம்பெனிக்குள்ள குதியாட்டம் போடுது. பந்து மேல மேல பறக்கு. யாரு தாயி எறியுதாக?"

"வாட்ச்மேனா இருக்கும்ணே."

"அவன் வேலைய விட்டுப் போயி ரெண்டு மாசமாச்சேம்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. ஆடுகளை வேறு பக்கம் திருப்பினார்.

அன்று தட்டான் அவள் பாதத்தில் தலை வைக்கவில்லை. வாசற்படியில், கம்பெனி இருக்கும் திசையைப் பார்த்துப் படுத்திருந்தது. மாடத்தி விடியும்வரை கண்ணை மூடவில்லை.

அடுத்த சாயங்காலம் பந்து கொண்டுபோகவில்லை. தட்டானைக் கட்டிய கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். காட்டின் நடுவில் தட்டான் ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்தது.

நின்றாள். ஒரு மணி நேரம் போனது. சூரியன் கருவைக்குள் இறங்கியது. மயில் ஒன்று அகவி ஓய்ந்தது.

"தட்டான்... ஏலே தட்டான், வாலே!"

ஒரு குரைப்பு. விளையாட்டுக் குரைப்பு. இடது காதைத் திருப்பிக் கேட்டாள். ஒன்றுமில்லை. செத்த வலது காதைத் திருப்பினாள். மறுபடி குரைப்பு. கூடவே பெண்கள் சிரிக்கும் சத்தம்.

நடந்தாள். முள் கையைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்தாள், நடந்தாள். வேலியில் நாய் நுழையும் சந்து. தூரத் தூர நின்ற அறைகள். அவர்கள் நாலு பேரும் இருந்த மூன்றாவது அறைக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. சுவரில் கரி. கந்தக வாடை, அதற்கடியில் பொசுங்கிய தலைமுடி வாடை.

தட்டான் நடுவில் படுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வால் மெதுவாகத் தரையைத் தட்டியது.

அதன் கழுத்தில் முடி அழுந்தியது. நிமிர்ந்தது. மறுபடி அழுந்தியது. முதுகில் ஓரிடம். வயிற்றில் ஓரிடம். மூன்று இடத்திலும் உள்ளங்கை அகலம்.

யாரும் இல்லை.

"வாலே, வீட்டுக்குப் போவம்."

தட்டான் எழவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

காலடியில் சாம்பல் குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். வெறுங்கால். மருந்து அறைக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. எப்போது கழற்றினாள்? திரும்பினாள். வாசலுக்கு வெளியே அவள் செருப்பு. ஓரமாக, ஒழுங்காக.

உட்கார்ந்துகொண்டிருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்றும் தெரியவில்லை.

தட்டானின் விலாவில், நாலாவதாக ஓர் உள்ளங்கை அகலத்துக்கு முடி மெல்ல அழுந்தியது. அவள் உள்ளங்கையில் அதன் சூடு தெரிந்தது.

அவளுடைய இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன.