மாடி வீட்டுக்கு வந்த மிளகு

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி அண்ணி வீட்டுக்கு வந்தபோது, கூடவே மிளகும் வந்தது.

மிளகு ஒரு ஹாம்ஸ்டர். எலிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, இரண்டு மிளகை ஒட்டவைத்தது போலக் கண்கள், பேருக்கு ஒரு வால்.

"உன்கிட்ட இருக்கிறதுல பாதியை அதுக்குக் கொடேன்" என்று அப்பா தன் மகளைச் சீண்டினார். அவளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். காரணத்தை அவளுடைய பள்ளிக்கூடத்தில் கேட்டால்கூடச் சொல்வார்கள்.

மிளகு வந்த கூண்டு சின்னது, கம்பியெல்லாம் துரு. புதிதாக வந்தவரை அப்படியா தங்க வைப்பது? அப்பா கட்டட மேஸ்திரி, ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர். கடையிலிருந்து பெரிய கூண்டாக வாங்கிவந்து, ஏணி, ஓடுவதற்கு ஒரு சக்கரம், மேலே இன்னொரு தளம் என்று அரைநாள் உட்கார்ந்து பொருத்தினார்.

"நமக்கே இன்னும் மாடி கட்டல. இதுக்கு வந்துடுச்சு பாரு" என்றாள் அம்மா.

அம்மாவுக்குச் சுத்தம் என்றால் உயிர். பழைய கூண்டைத் தேய்த்துக் கழுவிப் பரணில் ஏற்றினாள். அதில் கிடந்த மரச்சீவல் குப்பைக்குப் போனது. புதுக் கூண்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, புதுச் சீவலைப் பரப்பினாள்.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்றாள் அண்ணி.

மிளகுக்கு நன்றாக இல்லை. உள்ளே விட்டதும் மூலையில் போய்ச் சுருண்டது. ஏணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீடே கூடி நின்று உபசரித்தது. அண்ணன் கேரட் துண்டை நீட்டினான். அப்பா விரலால் சக்கரத்தைச் சுற்றி, "இப்படி ஓடணும், இப்படி" என்று பாடம் நடத்தினார். வாலு விசில் அடித்தாள். "சாப்பிடு செல்லம், வெக்கப்படாத" என்றாள் அம்மா. மிளகு இன்னும் கொஞ்சம் சுருண்டது.

அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதைதான். வைத்த விதைகள் வைத்தபடியே கிடந்தன. அண்ணி மிளகைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள். எலும்பு தட்டுப்பட்டது.

"ஞாயித்துக்கிழமை என் தம்பி வர்றான் அத்தை. அவன்கிட்ட கொடுத்து அனுப்பிடறேன். இதுக்கு இங்க ஒத்துக்கல போல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகும் கூண்டை விட்டு அவள் நகரவில்லை.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு விசாரணை வேறு ஓடிக்கொண்டிருந்தது. அழுக்குக் கூடையில் கிடந்த ஒற்றைச் சாம்பல் நிறச் சாக்ஸ் யாருடையது என்று.

"என்னோடது இல்லம்மா" என்றான் அண்ணன்.

"எனக்கு ரெண்டு கால். ரெண்டுக்கும் சாக்ஸ் இருக்கு" என்றார் அப்பா.

அண்ணி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒற்றைச் சாக்ஸை அம்மா துவைக்கவே மாட்டாள். "ஜோடி கிடைக்கட்டும், அப்புறம் துவைக்கலாம்" என்று அதை வாஷிங் மெஷினுக்கு மேலே இருந்த கொக்கியில் மாட்டிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வாலு அண்ணியின் அறைக்குப் போனாள். அண்ணி ஜன்னலோரம் ஒரு நைந்த சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"குளிருதா அண்ணி?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்குச் சால்வை?"

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "எங்க வீட்டு வாசனை இன்னும் இதுல இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத, சிரிப்பாங்க."

வாலு சிரிக்கவில்லை. சால்வையின் நுனியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு சோப்பு, ஏதோ ஒரு மர அலமாரி.

"இங்க எல்லாரும் நல்லாத்தான் பார்த்துக்கறாங்க" என்றாள் அண்ணி. "ஆனா பழகிடுச்சா, பழகிடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களா, அதான் கொஞ்சம் திணறுது."

வாலு எழுந்து கூடத்துக்குப் போனாள். கூண்டின் கம்பியில் மூக்கை வைத்து முகர்ந்தாள். அம்மாவின் சோப்பு வாசனை அடித்தது, கடை வாசனை அடித்தது. மிளகின் வாசனை மட்டும் எங்கேயும் இல்லை.

ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்தாள். "அண்ணி, உங்க வீட்டுல மிளகு எதுல தூங்கும்?"

"ஒரு பழைய சாக்ஸுல" என்றாள் அண்ணி தயங்கித் தயங்கி. "பஸ்ஸுல வரும்போதுகூட அதுக்குள்ளதான் இருந்துச்சு. வந்த அன்னிக்கே யாரோ அதை அழுக்குத் துணின்னு கூடையில போட்டுட்டாங்க."

"அது உங்களோடதா? அம்மா அத்தனை தடவை கேட்டாங்களே, ஏன் சொல்லல?"

"புதுசா வந்த வீட்டுல, எலி படுத்த சாக்ஸ் என்னோடதுன்னு எப்படிச் சொல்றது?"

வாலு கொக்கியிலிருந்து சாக்ஸை எடுத்தாள். நுனியில் இன்னும் இரண்டு விதைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கூண்டின் கீழ்த்தளத்தில் வைத்தாள். கூண்டுக்குப் பாதி மறைப்பாக ஒரு துணியையும் போட்டாள்.

"எல்லாரும் சமையலறைக்கு வாங்க. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. சாப்பிடுன்னு சொல்லக் கூடாது. அப்பா, சக்கரத்தைத் தொடக் கூடாது."

"நான் வாங்கின கூண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பாவும் வந்தார்.

ஐந்து பேரும் சமையலறையில் நெருக்கியடித்து நின்றார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சீவல் சரசரத்தது. பிறகு, கடுக் கடுக் என்று விதை உடைபடும் சத்தம்.

எட்டிப் பார்க்கப் போன அப்பாவின் சட்டையை அம்மா பிடித்து இழுத்தாள். "விடுங்க. அதுவா வரட்டும்."

சற்று நேரத்தில் சக்கரம் கிறீச்சிட்டுச் சுழன்றது. அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

"அந்தச் சாக்ஸ் உன்னோடதாம்மா?" என்றாள் அம்மா.

"ஆமா அத்தை."

"நானும் போலீஸ் மாதிரி கேட்டா நீ எப்படிச் சொல்லுவ."

ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். மிளகு சாக்ஸுக்குள் மூக்கை மட்டும் வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அண்ணன் கைக்குக் கிடைத்த துணியையெல்லாம் அள்ளி அழுக்குக் கூடையில் போட்டிருந்தான். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மெஷினில் போட்டாள். திடீரென்று அவள் கையில் அண்ணியின் சால்வை.

வாலு ஓடி வந்தாள். ஆனால் என்ன சொல்லித் தடுப்பது? யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணி சொல்லியிருக்கிறாளே.

அம்மா சால்வையை முகர்ந்து பார்த்தாள். தன் சோப்பு வாசனை அதில் இல்லை. அண்ணியின் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பினாள். பிறகு அதை உதறி மடித்து, காலியாக இருந்த கொக்கியில் மாட்டினாள்.

"ஏம்மா, துவைக்கலையா?"

"ஜோடி கிடைக்கட்டும்" என்றாள் அம்மா. "அப்புறம் துவைக்கலாம்."