கறுப்பு வெள்ளை லைசென்ஸ்

மேவிஸ் ஓல்ட்ராய்ட் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சிரில் பாட்லியின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கோர்ட் சம்மனை எடுத்து மேசைமேல் போட்டாள். போட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் திருடியாம். என் வாழ்க்கையில டிக்கெட் வாங்காம ஒரு பஸ்கூட ஏறினது கிடையாது."

சிரில் கண்ணாடியைத் தேடி எடுத்துச் சம்மனை நிதானமாகப் படித்தார். ராதர்ஹாம் போலீசில் சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் வக்கீலிடம் போகப் பணமில்லாதவர்களும் போலீசிடம் போகப் பிடிக்காதவர்களும் அவரிடம்தான் வருவார்கள். பக்கத்துக் கடையில் முடி வெட்டும் பிரெண்டா, யாராவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் வாசலில் ஏறுவதைப் பார்த்துவிட்டால் போதும், பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். அன்றும் ஏப்ரன் பையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

வழக்கு டி.வி. லைசென்ஸ் பற்றியது. டி.வி. வைத்திருக்கும் வீடெல்லாம் வருஷாவருஷம் லைசென்ஸ் வாங்க வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. மேவிஸ் கறுப்பு வெள்ளை லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு கலரில் பார்த்தாள் என்பது குற்றச்சாட்டு.

"எங்க வீட்டுல இருக்கிறது கல்யாணத்துக்கு வாங்கின பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி," என்றாள் மேவிஸ். "போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் வேலையில இருக்கறப்ப, லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வந்திருக்கான். ஜன்னல் திரை இடுக்கு வழியா டி.வி.யில ஸ்நூக்கர் தெரிஞ்சுதாம், அதான், கோலால கலர் கலர் பந்தை மேசைக் குழியில தள்ற ஆட்டம். மேசை பச்சைப் பசேல்னு இருந்துதாம். கதவைத் தட்டினா ரொம்ப நேரம் கழிச்சு நார்மன் வந்தாரு. 'எனக்குக் கண்ணு தெரியாதுங்க, லைசென்ஸ் வீட்டுக்காரி பேர்ல இருக்கு, அவளைக் கேளுங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. பாவம், அவரு வேற என்ன சொல்வாரு?"

நார்மன் அவள் கணவன். ஆறு வருஷத்துக்கு முன் இரும்பாலையில் தீப்பொறி தெறித்துப் பார்வை போய்விட்டது. அதிலிருந்து வீட்டில் ஒரே சம்பளம் மேவிஸினுடையது. நடமாட முடியாத வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் வேலை செய்யும் ஹோம் ஹெல்ப் வேலை, நகராட்சிச் சம்பளம்.

"அவங்க வீட்டுச் சாவியெல்லாம் என்கிட்டதான் இருக்கு. பர்ஸைக்கூட என்கிட்டதான் குடுத்தனுப்புவாங்க. ஏமாத்துக்காரின்னு கோர்ட்டுல தீர்ப்பு வந்தா மறுநாளே வேலை போயிடும். திங்கக்கிழமை கேஸு. நார்மன் என்னடான்னா, 'ஒத்துக்க கண்ணு, அபராதத்தைக் கட்டிட்டு வேலையப் பாரு'ங்கறாரு."

"இன்ஸ்பெக்டர் பயலுக்குக் கமிஷன்!" பிரெண்டா பொரிந்தாள். "ஆளைப் பிடிச்சுக் குடுத்தா காசு. த்தூ! நான் கலருக்கே கட்டறேன், சார்ஜன்ட். அவ்வளவு காசு கட்டி என்னத்தக் கண்டேன்? ராத்திரி முழுக்க அறுவை. கறுப்பு வெள்ளைக்குக் கட்டறவளாவது புத்திசாலி."

"கமிஷனுக்குப் பொய் சொல்றவன் 'கலர் பெட்டி இருந்துச்சு'ன்னு சொல்லிட்டுப் போவான்," என்றார் சிரில். "திரை இடுக்கு, பச்சை மேசைன்னு ஜோடிச்சிட்டிருக்க மாட்டான். மேவிஸ், அன்னைக்கு வேலைக்குக் கிளம்பறப்ப திரையை மூடிட்டா போனீங்க?"

"நான் ஏன் மூடறேன்? வெளிச்சம் வரட்டும்னு திறந்து விட்டுட்டுத்தான் போவேன்."

"ஸ்நூக்கர் யாருக்குப் பிடிக்கும்?"

"நார்மனுக்கு உசிரு. சாயங்காலம் மத்தியான ஆட்டத்தோட முக்கியமான கட்டங்களைத் திரும்பப் போடுவாங்க. வேலை முடிஞ்சு வந்து பக்கத்துல உக்காந்து நான்தான் சொல்லுவேன். இப்ப இந்தப் பந்தை அடிக்கறான், அது குழிக்குள்ள போச்சுன்னு. நம்ம பெட்டியில எல்லாப் பந்தும் சாம்பல் உருண்டைதானே, பாதி கலர் நானா அடிச்சு விடுவேன்." மேவிஸ் அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். "அந்தச் செவ்வாய்க்கிழமைகூட, ஓரத்துல ஒட்டிக்கிட்டிருந்த ஒரு பந்தைப் பச்சைன்னு சொன்னேன். 'இல்ல கண்ணு, அது பிரவுன்'னாரு. அப்புறம் டி.வி.யில ஆட்டத்தைச் சொல்றவனும் பிரவுன்னுதான் சொன்னான். எவ்வளவு கூர்மையாக் கேக்கறாரு பாருங்க!"

சிரில் டீயைக் குடித்து முடித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கோப்பையைக் கீழே வைத்தபோது, கெட்டுப்போன பாலைக் குடித்தவரைப் போல வாயைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை சிரிலும் பிரெண்டாவும் மேவிஸின் வீட்டுக்குப் போனார்கள். நார்மன் கறுப்புக் கண்ணாடியோடு முன்னறை நாற்காலியில் சாய்ந்திருந்தான். கொழுத்த, சிவந்த முகம். மேவிஸ் அவன் கையைப் பிடித்து டீக் கோப்பையில் வைத்தாள். அவன் காலில் செருப்பைக்கூட அவளேதான் மாட்டிவிட்டாள்.

"லைசென்ஸே பகல் கொள்ளை, சார்ஜன்ட்," என்றான் நார்மன். "பப்புல குடிக்கறவங்ககிட்ட நான் சொல்லாத நாளில்ல. அதுலயும் கலராம்! கண்ணில்லாதவனுக்குக் கலர் எதுக்கு? ஆனா கவர்மெண்டோட மல்லுக்கட்ட முடியுமா? என் மேவிஸ் கண்ணு ஒத்துக்கிட்டா அதோட முடிஞ்சுது."

மாடியறையில் குடியிருந்த கிளிஃப், ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். பகலில் தூங்குபவன். அவனைத்தான் பிரெண்டா சந்தேகப்பட்டாள். அவன் அறையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். டி.வி. இல்லை, ஆன்டெனா வயரும் இல்லை. வீட்டிலேயே ஆன்டெனா வயர் முன்னறையில் மட்டும்தான் இருந்தது.

"மத்தியானம் தண்ணி குடிக்க இறங்கி வந்தா முன்னறை கும்மிருட்டா இருக்கும்," என்றான் கிளிஃப், சிரிலின் முகத்தைப் பார்க்காமல். "திரையை இழுத்து மூடிட்டு உக்காந்திருப்பாரு. நான் அடுத்தவன் விஷயத்துல தலையிடறதில்ல."

"வெயில் பட்டா மண்டை இடிக்குது," என்றான் நார்மன் கீழேயிருந்து.

முன்னறைக் கம்பளத்தில் சின்னச் சக்கரங்கள் ஓடிய தடம் இரண்டு வரிசையாக இருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியிலிருந்து புறப்பட்டு, டி.வி.க்கு முன்னால் முடிந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி எப்போதோ தொலைந்துவிட்டதாக மேவிஸ் சொன்னாள். சிரில் கம்பளத்தைப் பிரெண்டாவுக்குக் கண்ணால் காட்டினார். வேறு ஒன்றும் கேட்காமல் விடைபெற்றார்.

சனிக்கிழமை மத்தியானம் பிரெண்டா நார்மனை இலவசமாக முடி வெட்டுவதாகச் சொல்லித் தன் கடைக்கு அழைத்துப் போனாள். அந்த நேரத்தில் சிரில், மேவிஸின் அனுமதியோடு, அலமாரிக் கதவின் கீல்களைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். கிளிஃபை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார். மேவிஸ் அப்போது அடுப்பில் பன்றிக்கறித் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கீல்களைத் திருகாமல் கதவைப் பழையபடி சாத்திவைத்துவிட்டு, முன்னறைப் பழைய பெட்டியைப் போட்டார். ஸ்நூக்கர் நடந்துகொண்டிருந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்தார்.

"மேவிஸ், நார்மன் வந்ததும் பக்கத்துல உக்காருங்க. ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. ஏன்னு கேக்காதீங்க."

நார்மன் வந்தான். உட்கார்ந்தான். பிரெண்டாவும் கிளிஃபும் சுவரோரம் நின்றார்கள். சிரில் டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேண்டுமென்றே தூக்கம் வருகிற மாதிரி பேச ஆரம்பித்தார். கோர்ட் நடைமுறை, இன்ஸ்பெக்டரின் அறிக்கை, அபராதம், லைசென்ஸ் கட்டணத்தின் நியாய அநியாயம். நார்மன் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அதையும் நிறுத்திவிட்டான். சிரிலுக்குப் பின்னால் ஆட்டக்காரன் ஒருவன் கடைசிப் பந்துக்குக் குனிந்தான். குழந்தைகூடத் தள்ளிவிடும் பந்து. அது குழியின் விளிம்பில் முட்டித் திரும்பி வந்தது.

"அட ச்சே! அதைப் போயி விட்டுட்டானே!" என்றான் நார்மன்.

பிரெண்டாவின் வாய் திறந்தபடியே நின்றது.

"எதை விட்டான், நார்மன்?" என்று கேட்டார் சிரில். "சத்தம் இல்லையே. மேவிஸும் சொல்லலையே."

நார்மனின் சிவந்த முகம் வெளுத்தது.

"எனக்குச் சந்தேகம் வந்தது அந்த பிரவுன் பந்துலதான்," என்றார் சிரில். "இந்தப் பெட்டியில எந்தப் பந்தும் பிரவுன் கிடையாது. அது பிரவுன்னு சொன்னவன் மத்தியானமே வேற பெட்டியில, கலர்ல பாத்திருக்கணும். மேவிஸ் வேலையில, கிளிஃப் தூக்கத்துல. மிச்சம் இருந்தது நீ ஒருத்தன். மத்தியானம் காதால கேட்டு ஞாபகம் வச்சிருக்கலாமேன்னு ஒரு பேச்சு இருக்கு. ஆனா கேக்கறவன் திரையை ஏன் மூடணும்? பாக்கறவனுக்குத்தான் வெளிச்சம் டி.வி. கண்ணாடியில பட்டுத் தொல்லை."

"அதானே!" என்றாள் பிரெண்டா. "ஸ்நூக்கர்ல கேக்கறதுக்கு என்ன இருக்கு? டொக்குனு ஒரு சத்தம், அரை மணி அமைதி. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்." அவள் போய் அலமாரிக் கதவை இழுத்தாள். டீ பரிமாறும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். அதன்மேல் சின்னக் கலர் டி.வி. ஒன்று போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தது.

"நான்தான் வித்தேன்," என்றான் கிளிஃப், தரையைப் பார்த்து. "மேவிஸுக்கு ஆச்சரியமா இருக்கட்டும், சொல்லாதேன்னாரு. ரெண்டு கிறிஸ்துமஸ் போச்சு. வாடகை விஷயத்துல எனக்கு அவரு தயவு வேணும். வாய மூடிக்கிட்டேன்."

"கலர் லைசென்ஸ் வாங்கியிருந்தா இந்தச் சம்மனே வந்திருக்காது," என்றார் சிரில். "ஆனா வாங்கினா மேவிஸ் கேப்பா, குருடனுக்கு எதுக்குக் கலர்னு. அதனால அவளே கோர்ட்டுக்குப் போகட்டும்னு விட்டுட்டே. அவ வேலை போனாலும் சரி. முப்பது வருஷம் போலீஸ்ல இருந்தேன், நார்மன். குடிகாரன், திருடன், கொலைகாரன் எல்லாரையும் பாத்திருக்கேன். கை குலுக்கின பிறகு சோப்புப் போட்டுக் கழுவணும்னு தோணினது உன்கிட்டதான்."

"முதல் வருஷம் நிஜமாவே தெரியல, கண்ணு!" நார்மன் மேவிஸின் கையைத் தேடினான். நேராகப் பிடித்தான், தடவித் தேடவில்லை. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம்?"

"கொஞ்சம் கொஞ்சமா வந்துது. சொன்னா திரும்ப ஆலைக்குப் போகணும். அந்த நெருப்புகிட்ட... நீயும் நல்லாப் பாத்துக்கிட்டே."

"செருப்பு மாட்டிவிட்டேனே, அப்ப தெரிஞ்சுதா?"

அவன் செருப்புக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"சாயங்காலம் பக்கத்துல உக்காந்து பந்து பந்தாச் சொன்னேனே. கலர் தெரியாம உளறினேனே. அப்ப என் மூஞ்சியப் பாத்துக்கிட்டா கேட்டே?"

"நீ ரொம்ப அழகாச் சொல்லுவே, கண்ணு," என்றான் நார்மன்.

சிரில்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேவிஸ் அழவில்லை. குனிந்து, கலர் பெட்டியில் ஆன்டெனா வயரைச் செருகி, குமிழைத் திருகினாள். திரை முழுக்கப் பச்சையாக விரிந்தது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இவ்வளவு பச்சையா இருக்குமா?" என்றாள் யாரிடமோ.

பிறகு சமையலறைக்குப் போனாள். பழக்கதோஷத்தில் ஒரு தட்டுக் கறியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஏற்கெனவே நறுக்கி வைத்திருந்தாள். அதை அப்படியே குப்பைத்தொட்டியில் வழித்துப் போட்டாள். முழுக் கறித்துண்டு ஒன்றை இன்னொரு தட்டில் வைத்துக் கத்தியோடு கொண்டுவந்து நார்மனின் மடியில் வைத்தாள்.

"வெட்டித் தின்னு. திங்கக்கிழமை கோர்ட்டுக்கு நீ வர்றே. சார்ஜன்ட் உன்னை நேராக் கூட்டிட்டு வருவாரு, கைத்தாங்கலா இல்ல."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிரெண்டா வாசல்வரை ஓடி வந்தாள். "எங்க போறே, மேவிஸ்? என் கடைக்கு மேல ரூம் காலியாத்தான் கிடக்கு."

"அங்கதான் வரேன். கேஸு முடிஞ்சதும் போஸ்ட் ஆபீஸ் போகணும். அந்தப் பெட்டிக்கு ஒரு கலர் லைசென்ஸ் வாங்கணும்."

"அவ்வளவு காசு கட்டியா? பிரயோஜனமே இல்லடி, நான் பாத்துட்டேன்."

"எனக்கு இருக்கு," என்றாள் மேவிஸ். "ஆறு வருஷமா இன்னொருத்தனுக்காகப் பாத்தேன். விலாசம் உன் வீடுன்னு எழுதணும், கதவு நம்பரைச் சொல்லு."