குவாரிக் குட்டைப் பாசி

குவாரிக் குட்டைப் பாசியில் மனித மரபணு கலந்திருந்தது. அதிலொன்றும் அதிசயமில்லை, யாராவது தும்மித் தொலைத்திருப்பார்கள். பச்சைப் பாசிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, எது எதிலிருந்து பிரிந்தது என்று வம்ச மரம் வரைவது அவள் வேலை. மனிதக் கலப்படத்தை நீக்கிவிட்டுத்தான் தொடங்குவாள். இன்று நீக்கியதும் எதுவுமே மிஞ்சவில்லை.

போனில் சீனியர் சிரித்தார். "உன் எச்சிலாத்தான் இருக்கும். வாயை மூடிக்கிட்டு வேலை பாருன்னா கேக்குறியா? நம்ம எல்லார் மரபணுவும் கம்ப்யூட்டர்ல இருக்கே, ஒப்பிட்டுப் பாரு."

ஒப்பிட்டாள். அவளுடையது இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் சரிபாதி அவளோடு ஒத்துப்போனது. பெற்றவர்களுக்கும் பெற்ற பிள்ளைக்கும்தான் அப்படி ஒத்துப்போகும். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அவள் பெற்றது ஒன்றே ஒன்று.

போன மாதம் அந்தக் குட்டையில் விழுந்த மகளை, யார் செய்த புண்ணியமோ, உயிரோடு தூக்கிவிட்டார்கள். இதோ, பின்னால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள்.

"குட்டிம்மா, ஆ காட்டு."

பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவினாள். வாயிலிருந்து ஈரப்பாறை வாசனை வந்தது.

மாலைவரை இயந்திரம் ஓடியது. ஜன்னலில் மழை வழிய, குளிர்பெட்டி உறுமி உறுமி அடங்க, காகிதத்தில் மகளின் பென்சில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசுவதைக் கேட்டபடி, தலையைத் திருப்பத் தைரியமில்லாமல் அவள் திரையையே பார்த்திருந்தாள்.

முடிவு வந்தது. மனித மரபணு: இல்லை.

வம்ச மரத்தில் மகளின் மாதிரிக்கு இடம் கிடைத்திருந்தது. பச்சைப் பாசிகளுக்கு நடுவில்.

அப்படியென்றால் என் பிள்ளை எங்கே?

மேசைமேல் குட்டைத் தண்ணீர்க் குடுவை. பாசி வெளிச்சத்தை நோக்கித்தான் நீந்தும். இது விளக்கை விட்டு விலகி, அவள் பக்கக் கண்ணாடியில் அப்பியிருந்தது. இடப்பக்கம் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது. வலப்பக்கம். வந்தது.

"என் கண்ணே..." என்றாள்.

பென்சில் சத்தம் நின்றது.

"யார்கூடம்மா பேசுற?"

சின்னக் கை ஒன்று குறுக்கே நீண்டு குடுவையை எடுத்தது. அவள் கத்த நினைத்தாள்.

"நாறுதும்மா. கொட்டிடறேன்."

கை கழுவும் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. குழாய் திறந்தது. மூடியது.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்." பிஞ்சு விரல்கள் அவள் விரல்களோடு கோத்துக்கொண்டன. விடவில்லை.

தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த கொஞ்சம் பச்சை, வழுக்கி வழுக்கி, அவளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.